பாப்பாரப்பட்டி மேல் விழுந்த உலக்கை

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் ஆண்டோ அந்த வீடியோவைக் காட்டினான்.

அனிஷா ஒரு காதில் மட்டும் தோடு போட்டிருந்தாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தாள்.

கறுத்த வானம். அதில் மெல்ல நகரும் ஒரு கப்பல். கப்பலின் அடிவயிறு திறக்கிறது. நீண்ட இரும்புத் தடி ஒன்று சத்தமில்லாமல் இறங்குகிறது. மேகம் கிழிகிறது. கீழே ஒரு நகரம் வெளிச்சமாகிறது, பிறகு குழியாகிறது. குழியின் மேல் ஆங்கில எழுத்துகள் வருகின்றன.

பாப்பாரப்பட்டி. அழிந்தது. மீதமுள்ள மக்கள்: பூஜ்ஜியம்.

"இது உன் கேம்தானே அக்கா?"

அவள் தோட்டைக் காதில் மாட்டப் பார்த்தாள். துளை கிடைக்கவில்லை.

"உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"எங்கிருந்து வரல? பாப்பாரப்பட்டிப் பசங்க எல்லாம் ஸ்டேட்டஸ் வெச்சிருக்கானுங்க. நிர்மலா வூட்டு குரூப்ல ராத்திரியே வந்துடுச்சாம்."

பாப்பாரப்பட்டி ஆண்டோவுக்குப் பெண் கொடுக்கிற ஊர். நிர்மலாவின் அப்பா ஆரோக்கியராஜுக்குத் தன் ஊர் என்றால் உயிர். நிச்சயத்தன்று பந்தியில் அனிஷாவின் அப்பா ஸ்தனிஸ்லாஸ் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை விட்டது நினைவிருக்கும். "உங்க ஊர்ல கல்யாணம் வெச்சா வர்றவங்க வண்டிய எங்க நிறுத்தறது, சம்மந்தி?" ஆரோக்கியராஜ் இலையை மடித்துவிட்டு எழுந்துகொண்டார். சோறு பாதி அப்படியே இருந்தது. பங்குச் சாமியார் நடையாக நடந்தார். கல்யாணம் பாப்பாரப்பட்டியில்தான் என்று ஸ்தனிஸ்லாஸ் இறங்கி வந்தார். அதற்குப் பிறகுதான் ஓலை வாசிக்கவே ஆரோக்கியராஜ் சம்மதித்தார். அப்போதும் ஒன்று சொல்லி வைத்தார். இனி ஒரு தடவை எங்கள் ஊரை மட்டமாக நினைத்தால் பெண் இல்லை.

இரண்டு ஓலை ஆகிவிட்டது. இன்று மூன்றாவது.

ஓலை என்றால், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பெண்ணின் கோயிலிலும் பிள்ளையின் கோயிலிலும் பூசை முடிவில் இருவர் பெயரையும் வாசிப்பது. இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார் சாமியார். யாரும் சொன்னதில்லை. இரும்புத் தடி எதுவும் இதுவரை வானத்திலிருந்து விழுந்ததும் இல்லை.

தப்பு அனிஷாவுடையதுதான்.

பெங்களூரில் இருக்கும் ஒரு சின்ன கம்பெனிக்கு அவள் வேலை செய்கிறாள். விண்வெளிப் போர் விளையாட்டு. கிரகங்களைப் பிடிக்க வேண்டும், காப்பாற்ற வேண்டும், பக்கத்து நட்சத்திரத்துக்காரனோடு பேரம் பேச வேண்டும். அதில் அனிஷாவின் பங்கு, கிரகத்தைச் சுற்றிவரும் கப்பலிலிருந்து கீழே அடிக்கிற ஆயுதங்கள். கணவன் ஓசூரில் ஷிப்டு வேலை. கல்யாண வேலைக்காக அவள் மட்டும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாரண்டஹள்ளிக்கு அப்பா வீட்டோடு வந்திருந்தாள்.

இந்த வகை ஆயுதத்தில் எல்லாம் நேரம்தான். கப்பல் எந்த நகரத்தை எப்போது தாண்டும், எத்தனை நேரம் அதன் தலைக்கு மேல் நிற்கும். நகரங்களுக்கு ஆபீசில் எண் கொடுத்திருந்தார்கள். எண் அவள் மண்டையில் ஏறவில்லை. தெரிந்த ஊர்களின் பெயரைப் போட்டாள். அரூர், தருமபுரி, பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, மாரண்டஹள்ளி. கப்பல் பஸ் மாதிரி ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனது. வேலை ஓடியது. அப்போது நிர்மலா என்று ஒரு பெண் இருப்பதே இவர்களுக்குத் தெரியாது.

ஆயுதத்துக்கு விளையாட்டில் வாயில் நுழையாத ஒரு ஆங்கிலப் பெயர். அனிஷா அதை உலக்கை என்பாள். வெடிமருந்து கிடையாது. வெறும் இரும்பு. அவ்வளவு உயரத்திலிருந்து வருவதே போதும்.

பெயர்களைக் கடைசியில் எடுத்துவிட வேண்டும் என்று இருந்தாள். எடுக்கவில்லை. விளம்பர வீடியோ வெட்டியவர் கொல்கத்தாக்காரர். பாப்பாரப்பட்டி என்ற பெயர் ஏதோ வேறு மண்டலத்து நகரம் போல அவருக்குப் பட்டிருக்கிறது. பெரிய எழுத்தில் வைத்துவிட்டார்.

"கோயிலுக்கு வர்றீங்களா, ஓலைய போன்லயே கேட்டுக்கறீங்களா?" என்று வாசலிலிருந்து கேட்டபடி மதலேனம்மாள் உள்ளே வந்தாள். மகனின் முகத்தைப் பார்த்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள். போனை வாங்கினாள்.

பார்த்து முடித்தவுடன் கேட்டாள்.

"யாரு செத்தது?"

"யாரும் சாவலம்மா. வெளையாட்டு."

"பூஜ்ஜியம்னு போட்டிருக்குதே."

"அது சும்மா, நம்பரு."

"ஒலகத்துல எத்தன ஊரு இருக்குது. உனக்கு இந்த ஊருதான் கெடச்சுதா பாப்பா?"

பின்னாலேயே ஸ்தனிஸ்லாஸ் வந்தார். காய்கறி மண்டிக்காரர். எதையும் முதலில் சிரித்துவிட்டுத்தான் யோசிப்பார். வீடியோவைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாப்பாரப்பட்டி போச்சா? சரி, நம்ம ஊரு என்னாச்சு?"

"நம்ம ஊருக்குக் கவசம் போட்டு வெச்சிருக்கா," என்றான் ஆண்டோ. "ரெண்டு உலக்கை விழுந்தும் நிக்குது."

"அதையும் காட்டுதா?"

"காட்டுது."

சிரிப்பு நின்றது. அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

கோயிலுக்குப் போகிற வழியில் ஆண்டோ நிர்மலாவுக்குப் போன் போட்டுக்கொண்டே நடந்தான். அவள் எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டேங்கறா," என்றான்.

"பூசைல இருப்பா."

"அவங்க கோயில்ல பூசை இன்னும் ஆரம்பிக்கல அக்கா."

கொஞ்ச தூரம் போனதும் அவனே சொன்னான். "இது போச்சுன்னா எனக்கு வேற கிரகத்துலதான் பொண்ணு பாக்கணும். அங்கயும் நீ போட்டுடுவ."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அனிஷாவுக்கு. அவன் திட்டவில்லை.

பூசை முடிவில் சாமியார் ஓலையை எடுத்தார். மாரண்டஹள்ளி ஸ்தனிஸ்லாஸ், மதலேனம்மாள் மகன் ஆண்டோவுக்கும், பாப்பாரப்பட்டி ஆரோக்கியராஜ் மகள் நிர்மலாவுக்கும்.

பாப்பாரப்பட்டி என்றதும் பின்வரிசையில் ஒருவன் மூக்கால் சிரித்தான்.

"இன்னுமா இருக்குது அந்த ஊரு?" என்றான் இன்னொருவன்.

அனிஷா தலையைக் குனிந்துகொண்டாள். இங்கேயே இப்படி என்றால் அங்கே எப்படி இருக்கும். இதே நேரத்துக்கு அந்தக் கோயிலிலும் இதே பெயர்களை வாசிப்பார்கள். தடை உண்டா என்று கேட்பார்கள். ஆரோக்கியராஜ் முன்வரிசையில் உட்கார்கிறவர். எழுந்தால் எல்லோருக்கும் தெரியும்.

கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஸ்தனிஸ்லாஸின் போன் அடித்தது. ஆரோக்கியராஜ். ஸ்தனிஸ்லாஸ் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டார். "சரிங்க," என்றார். மறுபடியும் "சரிங்க" என்றார். வைத்துவிட்டார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் மதலேனம்மாள்.

"வூட்ல இருங்க, வர்றேங்கறாரு."

"கோவமா?"

"தெரியல. ரெண்டு வார்த்தைதான் பேசினாரு."

வீட்டுக்கு வந்ததும் அனிஷா பெங்களூருக்குப் பேசினாள். டீமுக்குத் தலைவர் மாதவராஜ். கிருஷ்ணகிரிக்காரர், ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பார்.

"நம்ம பக்கத்து ஊர்ப் பேருதான அதெல்லாம்?" என்றார். "நான் பாத்தப்பவே நெனச்சேன். சாயங்காலத்துக்குள்ள எடுத்துடு அனிஷா. வீடியோவ மாத்திடலாம்."

"சரிங்க சார்."

"அதவிடு. விளையாடிப் பாத்தவங்க எழுதினது படிச்சியா? ஒலக்கை வந்தா ஆட்டமே முடிஞ்சிடுதுங்கறாங்க. கீழ இருக்கறவன் என்ன பண்றதுன்னு கேக்கறாங்க. அதுக்கு ஒரு பதில் சொல்லு. இல்லன்னா ஒலக்கைய உள்ள விட முடியாது."

அந்தக் கேள்வி அவளிடம் கொஞ்ச நாளாகவே இருந்தது. பதில் இல்லை. இன்றைக்கு அதை யோசிக்கிற நிலையும் இல்லை.

வெயில் ஏறியபோது ஆரோக்கியராஜ் மொபெட்டில் வந்தார். தனியாக. வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவை, பையில் கண்ணாடி. வாசலில் நின்று சட்டையை உதறிக்கொண்டார்.

"வாங்க சம்மந்தி," என்றார் ஸ்தனிஸ்லாஸ். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று மனைவி சொல்லி வைத்திருந்தாள்.

ஆரோக்கியராஜ் உட்கார்ந்தார். மதலேனம்மாள் காப்பியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார். தொடவில்லை.

"யாரும்மா செஞ்சது?"

"நான்தாங்க மாமா," என்றாள் அனிஷா.

அவர் கண்ணாடியை மாட்டினார். தன் போனை எடுத்து வீடியோவை ஓட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இது எங்க ஊருங்களா?"

"பேரு மட்டுந்தாங்க. அடையாளத்துக்குப் போட்டேன். எடுக்க மறந்துட்டேன். தப்புதாங்க மாமா, மன்னிச்சுக்கங்க."

"ஒரே அடி."

"ஆமாங்க."

விரலால் தள்ளினார். மறுபடி நிறுத்தினார்.

"இது மாரண்டஹள்ளி."

"ஆமாங்க."

"ரெண்டு அடி. நிக்குது."

கதவோரம் ஆண்டோ நின்றுகொண்டிருந்தான். கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் பார்க்க வந்தவன் போல அலமாரியைத் திறந்து மூடினான்.

"நான் ஒன்னு கேக்கறேன்," என்றார் ஆரோக்கியராஜ். "அழிச்சது பரவால்ல. வெளையாட்டுன்னா ஊரு அழியும். எங்க பசங்களும் வெளையாடறானுங்க, தெரியும். ஆனா உங்க ஊரு ரெண்டு அடி தாங்கும், எங்க ஊரு ஒரே அடியில போயிடுமா? டீக்கடைல கேக்கறான். ஏங்க, சம்மந்தி வூட்லயே போட்டுட்டாங்களாமேன்னு கேக்கறான். நான் என்ன பதில் சொல்றது?"

ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். மதலேனம்மாள் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

"எங்களுக்கும் ஒரு கவசம் போடுங்க. நான் எந்திரிச்சு எதுவும் சொல்லல. இன்னிக்கு ஓலை நல்லபடியா முடிஞ்சுது. அத அப்படியே வெச்சுக்கலாம். கவசம் ஒன்னு போட்டுடுங்க."

சரி என்று சொன்னால் முடிந்தது. ஆண்டோ அலமாரிப் பக்கமிருந்து அவளைப் பார்த்த பார்வையே கெஞ்சியது. சரி என்று சொல்லி, கல்யாணம் முடிந்து, விளையாட்டு வெளிவந்து, பாப்பாரப்பட்டிப் பசங்கள் வாங்கி விளையாடி, கவசம் இல்லை என்று பார்த்து, அப்போது இதே மனிதர் இதே நாற்காலியில் வந்து உட்காருவார். அப்போது நிர்மலா இந்த வீட்டில் இருப்பாள்.

"முடியாதுங்க மாமா," என்றாள்.

அலமாரிக் கதவு நின்றது.

"கவசம் ஒரு ஊருக்குத்தாங்க இருக்கும். தலைநகரத்துக்கு. நான் மாரண்டஹள்ளிய தலைநகரமாப் போட்டுட்டேன்."

"தலைநகரம்," என்றார் ஆரோக்கியராஜ். "மாரண்டஹள்ளி."

ஸ்தனிஸ்லாஸுக்கு இருமல் வந்தது. எழுந்து போய் ஜன்னலோரம் இருமினார்.

"எல்லா ஊருக்கும் கவசம் குடுத்தா மேல இருந்து அடிக்கறதுக்கே அர்த்தம் இல்லீங்க. யாரும் வெளையாட மாட்டாங்க. உங்ககிட்ட சரின்னு சொல்லிட்டு அங்க செய்யாம விட்டா அது இன்னும் தப்பு. அதான் சொல்றேன்."

ஆரோக்கியராஜ் கண்ணாடியைக் கழற்றினார். குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அப்ப கீழ இருக்கறவன் என்னதாம்மா பண்றது? மேல ஒருத்தன் வருவான், போடுவான். நாங்க எல்லாரும் வாயப் பொளந்துட்டு வானத்தப் பாத்துட்டு நிக்கணுமா?"

மாதவராஜ் கேட்டதும் இதையேதான். விளையாடிப் பார்த்தவர்கள் எழுதியதும் இதையேதான். இதுவரை அவள் யோசித்ததெல்லாம் கப்பலிலிருந்து. எங்கே குறிவைப்பது, எவ்வளவு இரும்பு, எத்தனை வேகம். கீழே நிற்கிற ஒருவர் இப்படி எதிரே உட்கார்ந்து அவளைப் பார்த்ததில்லை.

"கப்பலு ஒரு தடவ தாண்டிப் போயிடுச்சுன்னா மறுபடி சுத்திதாங்க வரணும்," என்றாள் மெதுவாக. "மொத சுத்துல அது பாக்கும். அடுத்த சுத்துலதான் போடும். நடுவுல நேரம் இருக்குது."

"இருந்தா?"

"சனத்த வேற ஊருக்கு மாத்திடலாங்க."

"இப்ப அப்படி இருக்குதா?"

"இல்லீங்க. இப்பத்தான் தோணுச்சு. வெச்சுடலாம்."

"எந்த ஊருக்கு மாத்துவீங்க?"

"எந்த ஊரு ஏத்துக்குதோ அங்க. முன்னாடியே அந்த ஊரோட ஒறவு வெச்சிருக்கணும். ஒறவு இல்லாத ஊரு கதவு தெறக்காது." சொல்லச் சொல்ல அவளுக்கே வழி தெளிந்தது. "அடிக்கறவன் கட்டடத்தத்தான் அடிப்பான். ஊரு காலியா இருக்கும். இரும்பு அவனுக்கு நட்டம்."

ஆரோக்கியராஜ் கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார்.

"கட்டடம் போயிடும்."

"போயிடுங்க."

"சனம் இருக்கும்."

"எல்லாரும் இருப்பாங்க."

"பூஜ்ஜியம்னு போடாது?"

"போடாதுங்க மாமா."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"எங்க சனம் எங்க போவாங்க?" என்றார். வீட்டையே பார்த்துக் கேட்டார்.

ஜன்னலோரமிருந்து ஸ்தனிஸ்லாஸ் திரும்பினார். மனைவியின் பார்வையைக் கவனிக்கவில்லை.

"இங்க வாங்க சம்மந்தி," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற சுபாவம் இல்லை. "வண்டி நிறுத்த எடம் நெறைய இருக்குது."

மதலேனம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஆண்டோ கண்ணை மூடிக்கொண்டான்.

ஆரோக்கியராஜ் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தமே இல்லாமல் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உம்ம வாய வெச்சுட்டு நீரு இத்தன நாளு எப்படி யாவாரம் பண்ணீரு?" என்றார்.

"வாயாலதான் பண்ணேன்."

ஆரோக்கியராஜ் டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப்போச்சு."

"வேற போட்டுட்டு வர்றேங்க," என்று மதலேனம்மாள் எழுந்தாள்.

"இருக்கட்டுங்க. குடிக்கற சூட்டுலதான் இருக்குது."

அனிஷா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சாயங்காலம் பேரு எல்லாத்தையும் எடுத்துடறேங்க மாமா. ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

டம்ளர் பாதியில் நின்றது.

"எடுக்கறதா? எதுக்கு எடுக்கணும்?"

"நீங்கதான மாமா..."

"நான் பேர எடுக்கச் சொன்னனா? எங்க பசங்க ராத்திரியில இருந்து குதிச்சுட்டு இருக்கானுங்க. பென்னாகரத்துக்காரன் பொறாமைல வேகறான், எங்க ஊரு ஏன் இல்லன்னு. பேரெல்லாம் இருக்கட்டும். சனத்த மட்டும் பத்திரமா வேற எடத்துக்கு மாத்து."

"கேட்டுப் பாக்கறேங்க."

"கேளு. நான் சொன்னன்னு சொல்லு."

அவர் மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. மதலேனம்மாள் அந்த இலையை எடுக்கும்போது கும்பிட்டுக்கொண்டதை அனிஷா பார்த்தாள்.

வெயில் தணிந்ததும் அவள் மாதவராஜிடம் பேசினாள். சுற்று, நேரம், உறவு வைத்த ஊர், திறக்கிற கதவு. அவர் நடுவில் குறுக்கிடவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்பது அபூர்வம்.

"எழுதி அனுப்பு," என்றார். "இது நல்லாருக்கு. ஒலக்கைய உள்ள விடறேன்."

"பேருங்க சார்?"

"பாப்பாரப்பட்டி இருக்கட்டும். வீடியோக்குக் கீழ எல்லாரும் அந்தப் பேரத்தான் எழுதறாங்க, எப்படி உச்சரிக்கறதுன்னு கேக்கறாங்க. மத்ததெல்லாம் எடுத்துடு."

"மாரண்டஹள்ளி?"

"எடு."

அப்பாவிடம் போய்ச் சொன்னாள். ஸ்தனிஸ்லாஸ் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"நம்ம ஊரயா?"

"ஆமாம்ப்பா."

"ஒரு அடி கூட இல்லாம?"

"பேர மாத்தறாங்க, அவ்வளவுதான்."

"சம்மந்திகிட்ட சொல்லாத," என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

மாடியில் ஆண்டோ தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு உறவுக்காரர்கள் வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. வாரம் முழுவதும் தள்ளிப்போட்டவன் இன்று தானாக ஏறியிருந்தான்.

அனிஷாவின் போன் அடித்தது. நிர்மலா.

"அண்ணி, அப்பா சிரிச்சுட்டே வந்தாரு. என்ன பண்ணீங்க?"

"ஒன்னும் பண்ணல. காப்பி குடிச்சாரு."

"அண்ணி, நான் ஒன்னு சொன்னா திட்டக் கூடாது. அந்த வீடியோவ எங்க குரூப்ல போட்டது நான்தான்."

"நீயா?"

"எங்க நாத்தனாரு செஞ்சதுன்னு போட்டேன். எனக்குப் பெருமையா இருந்துச்சு. இப்படி ஆவும்னு தெரியல. பயந்துட்டு அவரு போனக் கூட எடுக்கல."

அனிஷா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்கு ஒரு போன் போடு. பாவம், வேற கிரகத்துல பொண்ணு பாக்கறதா இருந்தான்," என்றாள்.

நிர்மலாவும் சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றது.

"அண்ணி, அவரு பக்கத்துல இருக்காரா?"

"மாடில இருக்கான். ஏன்?"

"புதன்கிழமை பாலக்கோடு வர முடியுங்களா? நீங்க மட்டும்."

"என்ன நிர்மலா?"

"போன்ல வேணாம். கெட்டது எதுவும் இல்ல, பயப்படாதீங்க. ஆனா அப்பாவுக்கும் அவருக்கும் முன்னாடி உங்களுக்குத் தெரியணும். நீங்கதான் இன்னிக்கு அப்பாகிட்டயே நேரா முடியாதுன்னு சொன்னீங்களாமே, அதான் உங்ககிட்ட கேக்கறேன்."

தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு படியில் ஈரக் கால்.

"வர்றேன்," என்று சொல்லி அனிஷா போனை வைத்தாள்.

ஆண்டோ முழங்கால் வரை நனைந்து வந்து நின்றான். முகம் காலையில் பார்த்த முகமே இல்லை.

"யாரு அக்கா போன்ல?"

ஆரோக்கியராஜிடம் மழுப்பாமல் உண்மையைச் சொன்ன வாய்தான் அது.

"ஆபீஸ்ல இருந்து," என்றாள்.

அவன் நம்பினான். சீட்டியடித்துக்கொண்டே துண்டு தேடி உள்ளே போனான்.